விரலை நீட்டிவிட ஓர் ஆள்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே உடன்குடி நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும் பனங்காடு. அக்காட்டை ஒட்டிய பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், பதனீர் இறங்கும் பங்குனி மாதத்துக் காலை ஒன்றில், பனையேறி ஒருவர் தளைநார் அறுந்து கீழே விழுந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. வலது மேற்கை எலும்பு மட்டும் முறிந்தது. ஊரிலேயே கட்டுப் போட்டார்கள். எலும்பும் நாளடைவில் கூடிவிட்டது. ஆனால் விழுந்த நாள் முதலே மணிக்கட்டு தொங்கிவிட்டது. கையை நீட்டுங்கள் என்றால் முழங்கை நீளும். மணிக்கட்டும் விரல்களும் வாடிய பாளைபோல் கீழ்நோக்கிக் கிடக்கும்.

"கை செத்துப் போச்சு சாமி" என்று அவர் மனைவி நம் முன் அழுதார். நாம் செபித்தோம், நோயாளர் எண்ணெய் பூசினோம், போகும்போது அறிவுரையும் ஒன்று சொன்னோம். "கையை அசைக்க வேண்டாம், துணியில் கட்டித் தொங்கவிட்டு நன்றாக ஓய்வு கொடுங்கள், மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்." அந்தக் குடும்பம் சாமியார் சொல்லைத் தட்டாத குடும்பம். ஐந்து மாதம் கை துணியிலேயே தூங்கிற்று.

ஐந்தாம் மாதம் நரம்பு மெல்ல விழித்துக்கொண்டது. அப்போதுதான் திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றோம். அங்கே இயன்முறைச் சிகிச்சை செய்யும் பெண்மணி ஒருவர் அந்தக் கையைத் தம் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் திறக்க முயன்றார். திறக்கவில்லை. கணுக்கள் இறுகிப் போயிருந்தன. "நரம்பு வந்துவிட்டது, கைதான் அதற்குக் காத்திருக்கவில்லை. இத்தனை நாள் இந்த விரல்களை நீட்டிவிட ஓர் ஆள் இல்லையா?" என்று கேட்டார். கேள்வி அவர் மனைவியை நோக்கிக் கேட்கப்பட்டது. குற்றவாளி பக்கத்தில் அங்கி அணிந்து நின்றுகொண்டிருந்தான்.

இம்மாதப் பக்கத்தை இந்தச் செய்திக்கு ஒதுக்குவதன் காரணம் அதுவே.

பிசியோதெரபி என்று ஊரில் வழங்கும் இயன்முறைச் சிகிச்சையைப் பற்றி நம் மக்களிடையே இருவகை எண்ணம் உண்டு. ஒன்று, அது உருவிவிடுவது. எண்ணெய் தேய்க்கும் வைத்தியரே அதைச் செய்துவிடலாம் என்பது. மற்றொன்று, அது மின்சாரக் கருவி, "கரண்ட் வைத்தார்களா? லைட் வைத்தார்களா?" என்று கேட்பது. கருவி வைத்தால் காசுக்குப் பலன் கிடைத்ததாக மகிழ்கிறோம். "இந்த அசைவை வீட்டில் நாளுக்கு மூன்று வேளை செய்யுங்கள்" என்றால் ஏமாந்ததுபோல் திரும்புகிறோம். உண்மையோ நேர்மாறானது. ஒத்தடமும் கருவியும் வலியைச் சிறிது நேரம் தணிக்க உதவலாம். காலையும் கையையும் மீட்டுத் தருவது அந்த மூன்று வேளை அசைவே.

அந்தப் பனையேறியின் கையில் நடந்தது என்னவென்று பார்ப்போம். மேற்கை எலும்பின் பின்புறத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு இறங்குகிறது. மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளுக்கு ஆணை கொண்டு செல்வது அதுவே. எலும்பு முறிகையில் அது நசுங்கலாம், இழுபடலாம், சில வேளை அறுந்தும் போகலாம். நசுங்கியது மட்டுமாயின் சில வாரங்களில் தெளியும். மேலுறை கெடாமல் உள்ளிழை அறுந்திருந்தால், அவ்விழை அறுந்த இடத்திலிருந்து மறுபடி வளர வேண்டும். முழுதும் துண்டாகியிருந்தால் அறுவை மருத்துவர் இணைத்தாலன்றி வழியில்லை.

வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று கொள்ளலாம். மேற்கையின் நடுவில் அடிபட்ட நரம்பு முன்கைத் தசையை எட்ட நான்கைந்து மாதம் பிடிக்கும். மோட்டார் சைக்கிளிலிருந்து தோளடித்து விழும் இளைஞர்களுக்குக் கழுத்தடியிலேயே நரம்பு பிய்ந்து போவதுண்டு. அங்கிருந்து உள்ளங்கை வரை இழை வளர்ந்து வருவதானால் இரண்டாண்டுப் பயணம். தசையோ அவ்வளவு காலம் காத்திராது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆணை வராத தசை சுருங்கி நார்போல் ஆகிவிடும். ஆகவே மூன்று மாதத்திற்குள் அசைவின் அறிகுறி எதுவும் தென்படாவிட்டால், நரம்பு அறுவை தெரிந்த மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். "எப்படியும் வந்துவிடும்" என்று ஓராண்டு கழித்துச் செல்வதில் பயனில்லை.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் செய்வது என்ன? நரம்பை வளர்ப்பது அவர் கையில் இல்லை. நரம்பு வந்து சேரும்போது வீடு இடிந்து கிடக்காமல் பார்த்துக்கொள்வதே அவர் வேலை. தொங்கும் மணிக்கட்டை நிமிர்த்தித் தாங்க ஒரு சிம்பு வைப்பார். ஒவ்வொரு மூட்டையும் அது போகக்கூடிய எல்லை வரை நாள்தோறும் கொண்டுபோய்த் திருப்பக் கற்றுத் தருவார். உணர்ச்சியற்ற தோலைப் பாதுகாக்கச் சொல்வார். தசையில் முதல் துடிப்பு தென்பட்டதும், புவியீர்ப்பு தடை செய்யாதவாறு கையை மேசைமேல் கிடத்தி, அந்தச் சிறு துடிப்பை அசைவாகவும் அசைவை வலுவாகவும் வளர்ப்பார். இவற்றுள் பெரும்பகுதி மருத்துவமனையில் நடப்பதன்று. வீட்டுத் திண்ணையில் நடக்க வேண்டியது.

உணர்ச்சியற்ற தோலைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்துப்போன காலுக்குச் சுடுமணல், சுட்ட செங்கல், சுடுநீர்ப் புட்டி கொண்டு ஒத்தடம் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. சூடு தெரியாத தோல் வெந்துபோனாலும் சொல்லாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் உள்ள வீடுகளில் இதைத் தனிக் கவனத்துடன் நினைவில் கொள்க.

அசையாமல் வைத்தால் ஆறும் என்ற தவறு நமக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இளம்பிள்ளை வாதம் கண்ட குழந்தைகளின் கைகால்களை மாதக்கணக்கில் சிம்பிலும் மாவுக்கட்டிலும் அசையாது வைப்பதே மேல்நாட்டுப் பெரிய மருத்துவர்களின் முறை. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் பணியாற்றிய சிஸ்டர் எலிசபெத் கென்னி என்ற செவிலியர் அதை மறுத்தார். (சிஸ்டர் என்றதும் கன்னியர் என்று எண்ண வேண்டாம், அங்கே மூத்த செவிலியரை அப்படி அழைப்பர்.) அவர் கம்பளித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து சுற்றி, தசையின் இறுக்கம் தளர்ந்ததும் உறுப்பை மெல்ல அசைத்து, அதற்கு மறுபடி வேலை கற்பித்தார். மருத்துவர்கள் எள்ளினர். 1940-இல் அமெரிக்கா சென்றார். 1942-இல் மினியாபொலிஸ் நகரில் அவர் பெயரால் நிலையமே எழுந்தது. நோயைப் பற்றி அவர் சொன்ன விளக்கங்கள் பல தவறானவை. செய்த சிகிச்சை சரியானது. கற்றவர்களுக்கு இது சற்றுக் கசப்பான செய்திதான்.

நம் நாட்டில் இத்துறையின் பெருங்கதை வேலூரில் நடந்தது. கொல்லிமலையில் 1914-இல் மறைபரப்பாளர் குடும்பத்தில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் மடங்கிப் போவதும் குறைந்து போவதும் சதை அழுகுவதால் என்று உலகம் நம்பியிருந்தது. நோய் நரம்பைத் தாக்குகிறது. நரம்பு கெட்டதால் சில தசைகள் செயலிழந்து விரல் மடங்குகிறது. வலி தெரியாததால் சூட்டிலும் காயத்திலும் கை தேய்ந்து போகிறது என்பதை அவர் எடுத்துக் காட்டினார். நலமாயுள்ள வேறொரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை விரித்தார்.

நம் மக்கள் அறிய வேண்டியது அதற்குப் பின் நடந்ததை. நாணை மாற்றியதும் கை வேலை செய்துவிடாது. நேற்றுவரை விரலை மடக்கிய தசை இன்று வேறு வேலை செய்ய வேண்டும். மூளைக்கு அது தெரியாது. கட்டு அவிழ்த்த பிறகு, வாரக்கணக்கில், இயன்முறைச் சிகிச்சையாளர் அருகிலிருந்து எழுத்துப் பழக்குவதுபோல் ஒவ்வொரு அசைவையும் பழக்கினார்கள். அறுவைக்கு முன்னும் இறுகிய மூட்டுகளைத் தளர்த்திக் கொடுத்தார்கள். கத்தி பிடித்தவரின் பெயர் உலகறிந்தது. விரலைப் பிடித்தவர்களின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

பிராண்ட் தம் வாழ்வில் ஒன்றை எழுதியிருக்கிறார். இங்கிலாந்து சென்றிருந்தபோது ஓரிரவு காலுறையைக் கழற்றுகையில் குதிகாலில் உணர்ச்சி இல்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றெண்ணி இரவெல்லாம் தவித்தார். விடிந்ததும் ஊசியால் ஆழக் குத்திப் பார்த்தார், சுரீரென்று வலித்தது. நெடும்பயணத்தில் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவே. அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி கூறினார். முதுகுவலி என்று நம்மிடம் வந்து கடவுளைக் குறைகூறும் அன்பர்களுக்கு இதைச் சொல்வதுண்டு. அவர்கள் உடனே மகிழ்ந்துவிடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954-இல் வாகன விபத்தில் தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கையறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்று பிராண்ட் அவரை ஊக்கினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளரின் கைகளுக்கு அவர் அறுவை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயின்று திரும்பி, 1963-இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவப் பிரிவின் பொறுப்பேற்றார். 1966-இல் அங்கே தனி மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அரசு 1972-இல் பத்மஸ்ரீ விருதளித்தது. 1986-இல் இறைவனடி சேர்ந்தார்.

வேலூர் தொலைவு என்பீர்கள். நம் தாமிரபரணிச் சீமையிலேயே, தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், அமர் சேவா சங்கம் இருக்கிறது. ஆய்க்குடியைச் சேர்ந்த பொறியியல் மாணவர் இராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் சென்ற இடத்தில் உடற்பயிற்சிச் சோதனையின்போது விழுந்தார். கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவருக்குச் சிகிச்சை தந்து தைரியமூட்டிய விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால், ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981-இல் இச்சங்கத்தைத் தொடங்கினார். தசைநலிவு நோயுடைய கணக்காயர் சங்கரராமன் 1992 முதல் தோள் கொடுத்தார். சிறு பள்ளியாகத் தொடங்கியது, தண்டுவடம் அடிபட்டோர்க்கான மறுவாழ்வுப் பிரிவும், ஊர் ஊராய்ச் சென்று குழந்தைகளுக்கு இயன்முறைச் சிகிச்சை தரும் பணியுமாக விரிந்தது. 2020-இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பனையிலிருந்தும் மாடியிலிருந்தும் விழுந்து இரு கால்களும் போனவரை "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று உள்ளறையில் கிடத்தியிருக்கும் வீடுகள் நம் பங்குகளிலும் உண்டு. செய்வதற்கு நிறைய இருக்கிறது. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினாலே படுக்கைப் புண்ணை பெரும்பாலும் தடுக்கலாம். அப்புண்ணில் இறப்பவர் பலர்.

விழுந்தவரைத் தூக்கும் முறையையும் இங்கே சொல்லிவிடுவோம். தோளை ஒருவரும் காலை ஒருவரும் பிடித்து, தொட்டில்போல் வளைத்துத் தூக்கி, ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டு செல்கிறார்கள். முதுகெலும்பு மட்டும் முறிந்து தண்டுவடம் தப்பியிருந்தவருக்கு, அந்தத் தூக்குதலிலேயே தண்டுவடமும் போய்விடக் கூடும். 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை அவரை அசைக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டுமெனில், தலையும் கழுத்தும் உடலும் ஒரே கோட்டில் இருக்கும்படி நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கதவுப் பலகையில் ஏற்றுங்கள். கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரனைக் கொண்டுவந்த நால்வரும் அவனைப் படுக்கையோடுதான் தூக்கினார்கள். கூரை வழியே இறக்கும்போதும் படுக்கையோடுதான் இறக்கினார்கள். மாற்கு இதைக் கவனமாக எழுதி வைத்திருக்கிறார்.

இனி முதுகுவலி. 2020-ஆம் ஆண்டில் உலகில் கீழ்முதுகு வலியால் துன்புற்றோர் 61 கோடியே 90 இலட்சம் பேர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அமலிநகரிலும் ஆலந்தலையிலும் மணப்பாட்டிலும் வள்ளம் தள்ளுவோர், ஏரல் பக்கம் வாழைத்தார் சுமப்போர், முக்கூடல் பக்கம் நாளெல்லாம் குனிந்து பீடி சுற்றும் தாய்மார் என நம்மவரும் அக்கணக்கில் உள்ளனர். இரு சக்கர வண்டியில் கிளைக்கோவில்களுக்கு அலையும் குருக்களையும் சேர்த்துக்கொள்ளலாம். நமக்கு முதன்முதல் வலி கண்டபோது மூன்று வாரம் வெறும் பலகையில் படுக்கச் சொன்னார்கள், படுத்தோம். எழுந்தபோது முதுகோடு காலும் தளர்ந்திருந்தது.

அந்த அறிவுரை அப்போதே பழமைப்பட்டுவிட்டது. 1986-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முதுகுவலிக்காரரில் ஒரு பிரிவினரை இரண்டு நாளும் மற்றொரு பிரிவினரை ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் படுத்தவர்களே வேலை நாள்களைக் குறைவாக இழந்தனர். 1995-இல் பின்லாந்தில் இன்னும் ஒரு படி சென்றார்கள்: புதிதாக வலி கண்டவர்களுள், படுத்தவரையும் உடனே தனிப் பயிற்சி தொடங்கியவரையும் விட, தாங்கும் அளவில் அன்றாட வேலையைத் தொடர்ந்தவர் விரைவில் தேறினர். பலகையும் பொய்த்தது. 2003-இல் ஸ்பெயினில் செய்த ஆய்வில் கடினமான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையே நலம் தந்தது. 2023 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டை, எடை கட்டி இழுத்தல், ஒலி அலைக் கருவி ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்றது. நம் அலமாரியிலும் ஓர் இடுப்புப் பட்டை இருக்கிறது. ஐந்தாண்டு அணிந்தோம்.

வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி பிட்டத்திலிருந்து கால்வரை மின்னல்போல் ஓடும். அதுவும் பெரும்பாலோர்க்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் அறுவையின்றித் தணிகிறது. படத்தில் பிதுக்கம் தெரிந்தது என்று அஞ்சி ஓடுவோர் ஒன்றை அறிய வேண்டும்: 1994-இல் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்ததில் பாதிப்பேருக்கு வட்டு பிதுங்கியிருந்தது.

ஆயினும் சில அடையாளங்களைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது அடக்க இயலாமை, அந்தரங்கப் பகுதி மரத்துப்போதல், இரு கால்களும் வலுவிழத்தல், இவை தோன்றினால் அன்றே மருத்துவமனை சேர வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் இழப்பு நிலைத்துவிடக் கூடும். மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்த முதுகுவலி முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம்; அதற்கு மருந்து உண்டு. அங்கே உருவிவிடுவது பெருங்கேடு.

இந்த அடையாளங்கள் இல்லாதவர் நடக்கலாம். முதலில் தெருமுனை வரை, பிறகு கோவில் வரை. மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குவதும், குப்புறப் படுத்து முழங்கையூன்றி மார்பை உயர்த்துவதும் எளியவை. ஆனால் ஒருவருக்கு நலம் செய்வது மற்றவருக்கு வலியைக் காலுக்கு இறக்கிவிடும். ஆகவே ஒருமுறையேனும் முறையாகப் பயின்றவரிடம் காட்டி, தமக்குரியது எதுவென்று கேட்டு எழுதிவாங்கிக்கொள்வது நலம். பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், நடமாட இயலாதவர்க்கு வீட்டிற்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரவும் ஏற்பாடு செய்யப்பட்டது. உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் நோயாளரைச் சந்திக்கச் செல்லும் வீடுகளில் இதைச் சொல்லலாம்.

பெத்சாயிதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டு கிடந்தவன் ஆண்டவரிடம் சொன்ன குறை, மருந்து இல்லை என்பதன்று. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்பதே. திருநெல்வேலியில் அந்தப் பெண்மணி கேட்ட கேள்விக்குப் பிறகு அந்த நற்செய்தியை வாசிக்கும்போதெல்லாம் நம் குரல் சற்றுத் தடுமாறும்.

அந்தப் பனையேறியின் கதையை முடிக்கவில்லை அல்லவா? அந்தப் பெண்மணி விரல் ஒவ்வொன்றையும் எப்படி நீட்டுவது, எவ்வளவு நேரம் பிடித்திருப்பது என்று அவர் மனைவிக்குக் கற்றுக் கொடுத்தார். ஒவ்வொரு நீட்டலையும் பதினைந்து எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும். அந்த அம்மாள் எண்ணிக்கையில் தடுமாறினார். சில நாள் கழித்துக் கோவில் வாசலில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சாமி, சாயங்காலம் செபமாலை சொல்லும்போதே அவரு விரலையும் நீட்டிவிட்டா தப்பா? ஒரு அருள் நிறைந்த மந்திரத்துக்கு ஒரு நீட்டு. கணக்குத் தப்பாது." தப்பில்லை என்றோம். ஐம்பத்துமூன்று மணிக்கு ஐம்பத்துமூன்று நீட்டல். ஓராண்டுக்குமேல் ஒரு மாலைகூட விடாமல் செய்தார். மணிக்கட்டு நிமிர்ந்தது. விரல்கள் முக்கால்வாசி திறந்தன. மீதிக் கால்வாசி, நாம் துணியில் கட்டிவைக்கச் சொன்ன அந்த ஐந்து மாதத்தோடு போயிற்று. பனை ஏறுவதை அவர் விட்டுவிட்டார். ஓலைப்பெட்டி முடைகிறார்; கருப்பட்டிச் சிப்பத்துக்கு ஏற்ற பெட்டி. சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நமக்கும் ஒன்று கொடுத்தனுப்பினார்.